மாதம்மாளை எங்கே சேர்ப்பது

பங்குனி வெயிலில் மலை முழுக்கப் புளி வேலை நடந்துகொண்டிருந்தது. புதூர்நாட்டிலிருந்து ஜீப் பாதையில் உள்ளே தள்ளிக் கிடக்கும் அந்தச் சிற்றூரில் எந்த வாசலைப் பார்த்தாலும் புளிக் குவியல்தான். ஆண்கள் மரமேறிக் கிளையை உலுக்கினார்கள். பெண்கள் பொறுக்கி வந்து காயவைத்து, ஓடு நீக்கி, கல்லின் மேல் வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்தார்கள். காற்றில் புளிப்பு ஏறியிருந்தது. பேசினாலே வாயில் எச்சில் ஊறியது.

வேடியப்பனின் மனைவி மாதம்மாள் கொட்டை எடுப்பதில் கைவேகக்காரி. அன்றைக்கு அவள் கை ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த வடிவு, வேடியப்பனின் தம்பி மனைவி, ஏதோ கேட்டுவிட்டுப் பதில் வராமல் நிமிர்ந்து பார்த்தாள். மாதம்மாள் உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து புளிக் குவியல் மேல் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. தூக்கி உட்கார வைத்தபோது சேலையின் பின்பக்கம் நனைந்திருந்ததை வடிவு பார்த்தாள்.

மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டியது பொங்கலிலிருந்தே நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மாதம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, ஓடையில் அலசி, வேலிக்குப் பின்னால் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிவிட்டால் அப்படித்தான் போகும், பிறகு தானாக நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள்.

புதூர்நாட்டு நர்ஸ் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, உடனே கீழே கொண்டுபோகச் சொன்னாள். கிருஷ்ணன் ஜீப்பை எடுத்தான். அந்தப் பக்கத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் கிருஷ்ணன் ஜீப்தான். எங்கே போகவேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மலைப்பாதை இறங்கி, டவுனில் புதிதாக வந்திருந்த மூன்று மாடி ஆஸ்பத்திரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் மலைக்காரர்கள் அதற்குக் கண்ணாடி ஆஸ்பத்திரி என்று பேர் வைத்திருந்தார்கள்.

உள்ளே குளிர்ந்திருந்தது. தரையில் முகம் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், "உக்காருங்க ஐயா, இதோ பாத்துடுவாங்க" என்றாள். வேடியப்பனுக்கு அந்த 'ஐயா'விலேயே மனம் ஒட்டவில்லை. எடையில் கை வைக்கப்போகிற அன்றைக்குத்தான் புளி வியாபாரி அவனை 'மாமா' என்று கூப்பிடுவான்.

ஆனால் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே வேடியப்பனிடம் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது. பையோடு எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் கேன்சராக மாறலாம். இன்றைக்கே சேர்த்தால் ரத்தம் ஏற்றி இரண்டொரு நாளில் முடித்துவிடலாம். காப்பீட்டு அட்டையில் கொஞ்சம் கழியும், மேலே ஆவதைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

மேலே ஆவது எவ்வளவு என்று மேஜைக்காரப் பெண் சொன்னாள். வேடியப்பனின் மரங்கள் எல்லாவற்றையும் மூன்று வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டால் வருகிற பணம் அது.

மாதம்மாளுக்குக் கேட்க ஒன்று இருந்தது. "பைய எடுத்துட்டா அப்புறம் குனிஞ்சி களை வெட்ட முடியுங்களா?" என்று கேட்டாள். டாக்டர் நர்ஸைப் பார்த்து, "சொல்லி அனுப்புங்க" என்றார். நர்ஸ் அவளை வெளியே கூட்டிவந்து, "அதெல்லாம் சரியாயிடும்மா" என்றாள்.

பணம் புரட்டிக்கொண்டு நாலு நாளில் வருகிறோம் என்று வேடியப்பன் சொன்னான். ரத்தம் குறைவாக இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். திரும்பும்போது மாதம்மாளுக்கு உடம்பில் தெம்பு வந்ததுபோல் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதால்தான் என்று கிருஷ்ணன் சொன்னான். அரசாங்கத்துப் பெரியாஸ்பத்திரியில் இதெல்லாம் போடமாட்டார்கள், மாத்திரையை மடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னான்.

அதிலிருந்துதான் வேடியப்பனுக்குச் சந்தேகம் முளைத்தது. ஊரில் இறங்கியதும் கிருஷ்ணனைத் தனியாக நிறுத்தி, அந்த ஆஸ்பத்திரியில் உனக்கு ஏதாவது தருகிறார்களா என்று நேராகவே கேட்டுவிட்டான். கிருஷ்ணன் மழுப்பவில்லை.

"தர்றாங்க. இல்லன்னு சொல்லல. உன் பொண்டாட்டி மயங்கிக் கெடக்கறப்ப வாடகை பேசிகினா வண்டி எடுத்தேன்? டீசலு யார் போடறது? பெரியாஸ்பத்திரிக்கு ஓட்னா எவன் தர்றான்?"

அன்றிலிருந்து கண்ணாடி ஆஸ்பத்திரியில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவன் திருப்பிப் போட்டுப் பார்த்தான். கட்டி நிஜமாகவே இருக்கிறதா? ஸ்கேனில் அவர்கள் காட்டியது சாம்பலும் கறுப்புமாக ஏதோ. அது மாதம்மாளுடைய வயிறுதான் என்று யார் கண்டது?

அதற்காகப் பெரியாஸ்பத்திரியை அவன் நம்பினான் என்றும் சொல்ல முடியாது. அவன் அண்ணன் அங்கே வராந்தாவில் படுத்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தவன். சும்மா கொடுப்பதில் என்ன இருக்கப்போகிறது என்பது அவன் எண்ணம். ரேஷன் அரிசியைப் பார்த்தால் தெரியாதா?

மகன் நவீன்குமார் ஆம்பூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனியில் வேலையாக இருந்தான். சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று வேடியப்பன் அவனிடம் பேசினான். நவீன்குமார் போனிலேயே தேடிப் பார்த்துவிட்டு, கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு நாலரை ஸ்டார் போட்டிருக்கிறார்கள், பெரியாஸ்பத்திரிக்கு மூணுகூட இல்லை, பிரைவேட்டிலேயே சேர்த்துவிடு, லோன் போட்டு அனுப்புகிறேன் என்றான்.

"யார்ரா போடறது அந்த ஸ்டாரு?"

"வைத்தியம் பாத்துகினு போனவங்கதாம்பா. எப்டி இருந்துச்சின்னு எழுதுவாங்க."

"செத்தவன் எழுதுவானா?"

"நீ எதத்தாம்பா நம்புவ?" என்று கேட்டான் நவீன்குமார்.

"ஈரப்புளிய மூட்ட புடிச்சி ஒசந்த வெலைக்கி நானே வித்துருக்கேன்டா. வாங்கினு போனவன் நல்ல சரக்குன்னுதான் சொன்னான்" என்றான் வேடியப்பன்.

வீட்டில் பேச்சு இதிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. களி கிண்டும்போதும் அதுதான், கைகழுவும்போதும் அதுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தியின் நாத்தனாரைப் பெரியாஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இரண்டு பேராகப் போட்டார்களாம். இன்னொருத்தியின் மாமியாரைப் பிரைவேட்டில் வைத்திருந்து, கறக்கிற மட்டும் கறந்துவிட்டு, கடைசியில் பெரியாஸ்பத்திரிக்கே தள்ளிவிட்டார்களாம். எல்லாரும் கடைசியில் வடிவைக் கைகாட்டினார்கள். வடிவு இரண்டு வருஷத்துக்கு முன் அதே கண்ணாடி ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவள். கொல்லைமேட்டு நிலத்தில் பாதியை விற்று அவள் புருஷன் கட்டினான். வெள்ளை விரிப்பு, காலையில் பால் ரொட்டி, கூப்பிட்டால் ஓடிவரும் நர்ஸ் என்று அவள் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அவள் சொல்லி அங்கே போனவர்களும் உண்டு.

வேடியப்பன் அரைமனதாக இறங்கிவந்தான். மரங்களைக் குத்தகைக்குப் பேச ஒடுகத்தூர் வியாபாரிக்கு ஆள் சொல்லி அனுப்பினான். வியாபாரி மறுநாள் காலை வருவதாக இருந்தது.

அன்று சாயங்காலம் மாதம்மாள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தபோது வடிவு வந்து எதிரில் உட்கார்ந்தாள். தானும் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள்.

"அக்கா, மரத்தக் குத்தகைக்கி உடாத" என்றாள்.

மாதம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானே நல்லாஸ்பத்திரின்ன?"

"சொன்னேன்." வடிவின் கை கீரையிலேயே இருந்தது. "பாலு குடுத்தாங்க, ரொட்டி குடுத்தாங்க, எல்லாம் நெசந்தான். ஆனா எனுக்கு அத எடுக்க வேண்டி இருந்துச்சான்னு எனுக்குத் தெரியலக்கா. வெள்ளப்படுதுன்னுதான் போனேன். எடுத்துரணும்னாங்க, எடுத்தாங்க. அப்ப எனுக்கு முப்பத்திரண்டு வயசு. அதுலேர்ந்து இடுப்பு வலி நிக்கல. ராவெல்லாம் ஒடம்பு கொதிக்குது. நெலம் போனதுக்கு அவரு இன்னிக்கும் குடிச்சிட்டு வந்தா அழுவறாரு."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"அம்மாந்துட்டக் குடுத்துட்டு, நல்லால்லன்னு எந்த வாயால சொல்றது? சொன்னா நாந்தானே பைத்தியக்காரி."

மாதம்மாள் வடிவின் மடியில் சிந்திக்கிடந்த கீரையை அள்ளி முறத்தில் போட்டாள். இவள் பேச்சை நம்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தபோது கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது அந்தக் கோபம் தங்கவில்லை.

மறுநாள் வியாபாரி வந்தபோது, மரம் கொடுப்பதற்கில்லை என்று மாதம்மாளே சொல்லி அனுப்பிவிட்டாள். வேடியப்பன் குதித்தான். வடிவு சொன்னதை அவனிடம் அவள் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒருமுறை காட்டுவோம், அங்கேயும் எடுக்கவேண்டும் என்று சொன்னால் பிறகு பார்க்கலாம் என்றாள்.

"எங்கண்ணன் கதி உனுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா படுக்கப்போறவ நானு. நானே சொல்றேன்."

பெரியாஸ்பத்திரியில் வேடியப்பன் பயந்ததெல்லாம் இருந்தது. சீட்டு வாங்கவே வெயில் ஏறிவிட்டது. கழிப்பறைப் பக்கம் போகமுடியவில்லை. பெருக்குகிற பெண் ஒருத்தி, கட்டில் பார்த்துத் தருகிறேன், டீக்குக் கொடு என்றாள். மேலே சுற்றவேண்டிய மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. வேடியப்பன் ஒவ்வொன்றையும் மனைவிக்குக் கண்ணால் காட்டினான். பார்த்தாயா, இங்கேதான் வருவேன் என்றாயே என்று அதற்கு அர்த்தம்.

பெண்கள் பிரிவு டாக்டர் பெயர் ரேணுகாதேவி. ஐம்பது வயதிருக்கும். குரல் கடுகடுவென்று இருந்தது. மாதம்மாளின் நகத்தையும் கண்ணையும் பார்த்தவுடனே திட்டத் தொடங்கினாள். பொங்கலிலிருந்து போகிறது என்றால் பங்குனி வரைக்கும் என்ன செய்தாய், உடம்பில் பாதி ரத்தம்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றாள். மாதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டிக்கொண்டே டாக்டர் அவளைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கண்ணாடி ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றை மிஷின்தான் தொட்டது.

"கட்டி இருக்கு. அவங்க சொன்னது பொய் இல்ல. ஆனா கட்டி இருக்கிற எல்லாருக்கும் பைய எடுக்கணும்னு இல்ல. மொதல்ல ரத்தம் ஏறணும். சதையில துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறேன், கேன்சரா இல்லியான்னு அதுல தெரியும். மாத்திரையில நிக்குதா பாப்போம்."

மாதம்மாள் களை வெட்டுவதைப் பற்றி இங்கேயும் கேட்டாள். எடுத்தால் மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது, பிறகு செய்யலாம், ஆனால் முதல் வருஷம் முன்னைப்போல் ஓடாது, சீக்கிரம் அலுத்துப்போகும் என்றாள் டாக்டர். பிறகு கேழ்வரகும் முருங்கைக் கீரையும் விடாமல் சாப்பிடச் சொன்னாள்.

வெளியே வந்ததும் வேடியப்பன் பொருமினான். களியும் கீரையும் தின்னச் சொல்வதற்கு டாக்டர் எதற்கு? ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? செய்தாலும் சம்பளம், செய்யாவிட்டாலும் அதே சம்பளம். பிறகு எந்த டாக்டர் கத்தியை எடுப்பாள்? அங்கே காசுக்காக எடு என்கிறான், இங்கே சோம்பலுக்கு வேண்டாம் என்கிறாள் என்று ரத்தம் ஏறி முடிகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

டெஸ்டு முடிவு வரத் தாமதமானது. இரண்டு முறை இறங்கிப் போய், வரவில்லை என்று கேட்டுத் திரும்பினார்கள். துளியைத் தொலைத்துவிட்டார்கள், அடுத்தவளுடையதைக் கொடுத்துவிடப்போகிறார்கள் என்று வேடியப்பன் சொன்னபோது மாதம்மாளுக்கும் அப்படி இருக்குமோ என்று தோன்றியது. மூன்றாம் முறை முடிவு வந்திருந்தது. கேன்சர் இல்லை. ரத்தப்போக்கும் மாத்திரையில் மட்டுப்பட்டது. ஆடியில் சாமை விதைத்தார்கள். மாதம்மாள் பழைய வேகத்தில் இல்லையென்றாலும் எழுந்து நடமாடினாள். களை பிடுங்க வடிவும் அவளும் ஒரே வரிசையில் குனிந்தார்கள். வடிவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போதெல்லாம் மாதம்மாள் அவள் வரிசையிலும் கை நீட்டிப் பிடுங்கினாள்.

புரட்டாசி மழை பிடித்தபோது மறுபடியும் தொடங்கியது. இந்தமுறை ரத்தம் கட்டி கட்டியாகப் போனது. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, ஜீப் இறங்க ஒரு பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ரேணுகாதேவி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டி வளர்ந்திருக்கிறது, ரத்தம் ஏற்றி எடுத்துவிடலாம் என்றாள்.

வேடியப்பன் இதற்காகவே காத்திருந்தவன்போல் முன்னால் வந்தான். அவன் பேசுவதற்குள் மாதம்மாள் கேட்டாள்.

"அப்ப வேணாம்னீங்க. இப்ப எடுக்கணும்றீங்க. எதுங்க நெசம்? அவங்க அப்பவே சொன்னாங்களே."

சுற்றி நின்ற பெண்கள் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்கள். இன்றைக்கு இவளுக்கு நல்ல திட்டு இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ரேணுகாதேவி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"மாத்திரையிலயே நின்னுடும்னு நெனச்சேன்மா. நெறைய பேருக்கு நின்னுருக்கு. உனக்கு நிக்கல. நான் நெனச்சது உன் விஷயத்துல சரியா வரல. அப்ப எடுக்காம விட்டது தப்புன்னும் நான் சொல்லமாட்டேன், அன்னிக்கு எடுக்காம காப்பாத்த வழி இருந்துச்சி, பாத்தேன். இப்ப வழி இல்ல. வேற எடத்துல செஞ்சிக்கறதா இருந்தாலும் செஞ்சிக்க. ஆனா தள்ளிப்போடாத."

வெளியே வந்து வேடியப்பன், பார்த்தாயா, அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள், நவீன்குமாரைப் பணம் அனுப்பச் சொல்கிறேன், கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான்.

"ஒப்புகினாங்க இல்ல?" என்றாள் மாதம்மாள். "அதாலதான் இங்கியே செஞ்சிக்கறேன்னு சொல்றேன். மாத்திரையில நிக்கலன்னு என் மேல பழி போட்டுருக்கலாம். நீ கீரை தின்னல, நேரத்துக்கு முழுங்கலன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலியே."

"அது ஒண்ணு போதுமா?"

"எனுக்கு வேற இன்னா தெரியும், சொல்லு. உள்ள இன்னா செய்றாங்கன்னு அங்கயும் தெரியாது, இங்கயும் தெரியாது."

ஆபரேஷன் அன்றைக்குத் துணைக்கு வடிவும் வந்திருந்தாள். மாதம்மாளை உள்ளே கொண்டுபோன பிறகு இருவரும் வராந்தாவில் போட்டிருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்தார்கள். வடிவு தூக்கில் கொண்டுவந்த கஞ்சியை வேடியப்பன் தொடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை போட்ட எவரைப் பார்த்தாலும் அவர் முகத்தில் எதையாவது மறைக்கிறாரா என்று பார்த்தான்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். அவளால் நிற்க முடியவில்லை. வெளியே அவன் வந்த வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவன் வராந்தாவையும் நின்றுபோன மின்விசிறியையும் பார்த்தான். மலைக்காரன் என்று அடையாளம் தெரிந்ததாலோ என்னவோ, நேராக வேடியப்பனிடம் வந்தான்.

"இங்க நல்லாப் பாக்கறாங்களாண்ணா? வண்டிக்காரரு பிரைவேட்டுக்கே உட்டுடறேன்றாரு. எனுக்கு ஒண்ணும் புரியல."

வேடியப்பன் நினைத்தால் கழிப்பறையைப் பற்றிச் சொல்லலாம். டீக்குக் கேட்டவளைப் பற்றிச் சொல்லலாம். அண்ணன் படுத்திருந்த இடம் இங்கிருந்து பார்த்தால் தெரியும்.

"எனுக்கு இன்னும் சந்தேகந்தான்பா" என்றான். "ஆனா எம்பொண்டாட்டிய உள்ள உட்டுருக்கேன்."

அந்த ஆள் மூடியிருந்த கதவைப் பார்த்தான். பிறகு மனைவியை மெல்ல மேடையில் உட்காரவைத்துவிட்டு வண்டிக்காரனிடம் போனான். வடிவு நகர்ந்து அந்தப் பெண்ணுக்குச் சாய இடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் வெகுநேரம் கதவு திறக்கவில்லை. திறந்தபோது ஒரு நர்ஸ், மாதம்மாள் கூட வந்தவர்கள் யார் என்று கேட்டாள். கையில் பச்சைத் துணி மூடிய எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. நல்லபடியாக முடிந்தது, நினைவோடுதான் இருக்கிறாள், தண்ணீர் கேட்கிறாள், இப்போது தரக்கூடாது என்றாள். பிறகு, எடுத்ததை வீட்டுக்காரர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் டெஸ்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லித் துணியை விலக்கினாள்.

பங்குனியிலிருந்து எதையும் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வேடியப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் பாக்கலங்க. அவ நல்லா கீறான்னீங்களே, அது போதும்" என்றான்.

நர்ஸ் துணியை மூடப் போனாள்.

"இருங்க, நான் பாக்கறேன்" என்றாள் வடிவு.

கிட்டே வந்து கிண்ணத்தின் மேல் குனிந்தாள். ஒரு கைப்பிடி அளவு சதை, அதைவிடப் பெரிதாக அதில் ஒட்டிக்கொண்டிருந்த கட்டி. நர்ஸ் எது பை, எது கட்டி என்று விரலால் காட்டினாள். வடிவு தலையாட்டினாள். அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நர்ஸ் காத்திருந்தாள். வடிவு நிமிரவில்லை.

"இவ்ளோதானா இருக்கும்?" என்று கேட்டாள்.

"இவ்ளோதாம்மா."

"எனுக்கு யாரும் காட்டல" என்றாள் வடிவு.